அவரவர் சாமியை அவரவர் பாடக் கூடாது

காசிம் பாயை ஒரு வார்த்தை கேட்காமலே அவர் தலையில் ஒரு தொப்பியை வைத்தார்கள்.

பச்சை வெல்வெட்டுத் தொப்பி. ஓரமெல்லாம் ஜிகினா. கடையில் ஒட்டிய சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை, அது பின்மண்டையில் ஆடிக்கொண்டிருந்தது. ஏற்காடு பஜாரில் மளிகைக் கடை வைத்திருப்பவர் அவர். சொந்தமாகவே தொப்பி உண்டு. வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து எடுத்து உதறிப் போட்டுக்கொள்வார், கடைக்குத் திரும்பியதும் மடித்து உள்ளே வைத்துவிடுவார். அதைத்தான் சொன்னார்.

“ஏனுங்க தம்பி, எங்கிட்டயே இருக்குதுங்களே.”

“அது கேமராவுல தெரியாது பாய். இது பளிச்னு இருக்கும்.”

அடுத்து என் முறை. என் கழுத்தில் ஒரு மரச் சிலுவையைத் தொங்கவிட்டார்கள். தோசைக் கரண்டி நீளம் இருக்கும். ஞானஸ்நானம் வாங்கிய நாள் முதல் கிறிஸ்தவச்சியாக இருக்கிறேன், அந்த அளவில் ஒரு சிலுவையைப் பெரிய வெள்ளிக்கிழமை அன்றுகூட நான் சுமந்ததில்லை.

பழனியம்மாவுக்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகம். கரடியூர்க்காரி. மலையில் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் காப்பியும் போட்டு வாழ்கிற குடும்பம். அவள் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிவந்த அரக்குப் பட்டுச் சேலையை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற மாதிரி ஏதோ ஒரு துணியைச் சுற்றிவிட்டார்கள். கழுத்தில் கொத்துக் கொத்தாகப் பாசிமணி. மேக்கப் போட வந்த பெண்ணிடம், நிகழ்ச்சியை நடத்துகிற ஒருங்கிணைப்பாளர்ப் பையன், எங்கள் காதில் விழுகிறதே என்கிற கூச்சம் துளியும் இல்லாமல், “அந்தக் கழுத்து தெரியாம கவர் பண்ணிடுங்க” என்றான்.

அந்தக் கழுத்தில் ஒரு கழலை இருந்தது. எலுமிச்சம்பழமாக இருந்தது வளர்ந்து வளர்ந்து நார்த்தங்காய் அளவுக்கு வந்துவிட்டது. அடுத்த வாரம் சேலத்தில் ஆபரேஷன். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, ஆபரேஷனுக்குப் பிறகு குரல் இப்படியே இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசை. கத்தி படுவதற்கு முன்னால் ஒரு நல்ல மைக்கில் மாதா பாட்டை முழுசாகப் பாடிவிட வேண்டும்.

அதற்காகத்தான் அந்த ரிசார்ட்டின் மேடை நிகழ்ச்சிக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். வேறு எதற்காகவும் இல்லை.

போன வாரங்களில் இதே பக்கத்தில் எஸ்டேட் பால்வாடியைப் பற்றி எழுதியபோது, ரோசலி டீச்சர் எழுதினால் சிரிப்பு வருகிறது என்று பஸ்ஸில் பார்த்தவர்கள் சொன்னார்கள். இந்த வாரம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது நினைத்தாலும் காது மடல் சூடாகிறது.

ரைட்டர் போட்ட சட்டம்

எங்கள் பாட்டு எப்படி ஆரம்பித்தது என்று சொல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது.

நான் அப்போது வெள்ளக்கடைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பால்வாடி டீச்சர். பழனியம்மா அதே எஸ்டேட்டின் ஸ்டோரில் காப்பிக்கொட்டை பொறுக்குகிறவள். காய்ந்த கொட்டையைச் சாக்கின் மேல் பரப்பி, கறுப்பையும் உடைசலையும் கையால் பொறுக்கித் தள்ள வேண்டும். அறுவடை முடிந்த பனி மாதத்தில், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வேலை செய்தால் கண் தானாகச் சொருகும். தூங்காமல் இருக்கத்தான் பெண்கள் பாடுவார்கள். பால்வாடியில் பிள்ளைகள் தூங்கியதும் நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். காசிம் பாய் அப்போது இளவட்டம். அப்பாவின் ஜீப்பில் எஸ்டேட்டுக்கு அரிசி பருப்பு ஏற்றி வருவார். இறக்கி முடிக்கிறவரை அவரும் சாக்கின் மேல் உட்கார்ந்து பாடுவார்.

சாமிப் பாட்டுகள்தான். மலை உச்சியில் குகைக் கோயிலில் இருக்கிற சேர்வராயன் பாட்டு ஒன்று. மாதா பாட்டு ஒன்று. அல்லாவைப் புகழ்கிற தமிழ்ப் பாட்டு ஒன்று. மூன்றையும் ஒரே தாளத்தில் உட்கார வைத்திருந்தோம், கொட்டை பொறுக்குகிற கையின் வேகம்தான் அந்தத் தாளம். ஒருவர் பாட்டை எடுப்பார், மற்ற எல்லோரும் பதில் வரியைப் பாடுவோம். ஒரு பாட்டு முடிகிற இடத்தில் அடுத்தது ஒட்டிக்கொள்ளும். நன்றாகச் சூடு பிடித்துவிட்டால் மூன்று பதில் வரிகளும் ஒன்றின் மேல் ஒன்றாக வரும். அந்த நேரத்தில் ஸ்டோரின் தகரக் கூரை சும்மா இருக்காது.

ஆனால் சண்டை வந்தது. வராமல் இருக்குமா? கிறிஸ்தவப் பெண்கள் நாங்கள் மாதா பாட்டை எடுத்தால் விடவே மாட்டோம், இருக்கிற சரணம் எல்லாவற்றையும் இழுப்போம். மலைக்காரப் பெண்கள் சேர்வராயனை எடுத்தால் அருள் வருகிற வரைக்கும் போகும். காசிம் பாய் கண்ணை மூடிக்கொண்டு ராகம் இழுத்தார் என்றால் ஜீப்பில் அரிசி அப்படியே நிற்கும். உன் பாட்டு எவ்வளவு நேரம், என் பாட்டு எவ்வளவு நேரம் என்று ஒரு நாள் கொட்டையை எறிந்துகொள்கிற அளவுக்குப் போய்விட்டது.

கணக்கு எழுதிக்கொண்டிருந்த ரைட்டருக்குத் தலைவலி. அவருக்குச் சாமியும் கிடையாது, சங்கீதமும் கிடையாது. வெளியே வந்து கத்தினார்.

“இன்னைலேருந்து அவங்கவங்க சாமிய அவங்கவங்க பாடக் கூடாது! அடுத்தவங்க சாமியத்தான் எடுக்கோணும். அப்பத்தான் சீக்கிரம் முடிப்பீங்க!”

கோபத்தில் சொன்னதுதான். மறுநாள் கிண்டலுக்காக அப்படியே செய்தோம். காசிம் பாய் சேர்வராயனை எடுத்தார். நான் அல்லா பாட்டை எடுத்தேன். பழனியம்மா மாதா பாட்டை எடுத்தாள். என்ன ஆனது என்றால், நாங்கள் யாரும் சீக்கிரம் முடிக்கவில்லை. ஆனால் ஒருவரும் அலட்டவில்லை. சொந்தச் சாமி என்றால் எல்லோருமே கொஞ்சம் சலுகை எடுத்துக்கொள்வோம், நம் ஆள்தானே என்கிற மிதப்பு. அடுத்த வீட்டுச் சாமி என்றால் அப்படி முடியாது. ஒரு வார்த்தை தப்பாகப் போனாலும் பக்கத்தில் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற மாதிரிப் பாட வேண்டியிருக்கிறது.

அந்த ரைட்டர் எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார். அவர் போட்ட சட்டத்தை மட்டும் நாங்கள் விடவில்லை. எஸ்டேட் கைமாறி, ஸ்டோரைப் பூட்டி, நாங்கள் கிழடுகளான பிறகும், காப்பி பூக்கிற நேரத்தில் என் வீட்டு முன்னறையில் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு அதே வரிசையில்தான் பாடுகிறோம்.

பஸ்ஸு வராத பாதை

மாதா பாட்டு என்று சொன்னேன் அல்லவா? ஆரம்பத்தில் அது கோயில் பாட்டாகத்தான் இருந்தது. பழனியம்மா கைக்குப் போன பிறகு அது அவளுடைய பாட்டாகிவிட்டது. எழுதப் படிக்க அவளுக்குப் பொறுமை இல்லை. தெரியாத இடத்தில் தானாகக் கட்டிப் போட்டுக்கொண்டே போவாள்.

“பஸ்ஸு வராத பாதையிலே பாலனைத் தூக்கி வந்தவளே” என்று ஒரு வரி. குப்பனூர்ப் பாதையில் பஸ் வராத ஒரு நாளில் மாதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மலையேறி வருகிறாள். வழியில் சில்வர் ஓக் நிழலில் உட்கார்ந்து பால் கொடுக்கிறாள். மேலே வந்ததும் முதல் வேலையாகக் குழந்தையின் காதில் மஃப்ளர் கட்டுகிறாள். எங்கள் பங்குச் சாமியார் ஒரு தடவை இதைக் கேட்டுவிட்டு, “இது எந்தப் பாட்டுப் புத்தகத்துல இருக்கு டீச்சர்?” என்றார். “கரடியூர்ல இருக்கு ஃபாதர்” என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

எல்லோரும் அப்படிச் சிரித்துக்கொண்டு போகவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். என்னைச் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்ன ஒரு சித்தி உண்டு. பழனியம்மாவின் மாமனார் கொஞ்ச நாள் அவள் கையால் தண்ணீர் வாங்கவில்லை. காசிம் பாயின் கடைக்கே வந்து, சேர்வராயனை நீ எப்படிப் பாடலாம் என்று கேட்டார் ஒரு பெரியவர். பாய் அவருக்கு டீ சொல்லிவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“நான் தொழறது ஒருத்தரத்தானுங்க. அதுல மாத்தமில்ல. ஆனா இந்த மலைக்கு நமக்கு முன்னாடியே குடி வந்தவரு பக்கத்து ஊட்டுல இருக்காரு. அவருக்கு ஒரு சலாம் வெக்காமப் போனா நல்லாவாங்க இருக்கும்?”

பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் டீயைக் குடித்துவிட்டுத்தான் போனார். முகத்துக்கு நேராகச் சண்டை போட்ட இந்த மாதிரி ஆட்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நாங்கள் என்ன செய்கிறோம் என்று அவர்களுக்காவது சரியாகத் தெரிந்திருந்தது.

கான்செப்ட்

கரடியூர் போகிற வழியில் புதிதாக ஒரு ரிசார்ட் வந்திருக்கிறது. பெயர் வேண்டாம். புல்வெளியும் கண்ணாடிச் சுவருமாக இருக்கும். அதன் திறப்பு விழா வாரத்தில் ‘மூன்று மதம், ஒரே ராகம்’ என்று ஒரு மாலை நிகழ்ச்சி. எங்களைப் பற்றி யாரோ சொல்லி, அந்த ஒருங்கிணைப்பாளர்ப் பையன் காரில் என் வீட்டுக்கே வந்தான். நல்ல மைக், நல்ல ஸ்பீக்கர், வீடியோ எல்லாம் உண்டு என்றான். பழனியம்மா அப்போது கூடத்தில்தான் இருந்தாள். மைக் என்றதும் அவள் கை கழுத்துக்குப் போனதை நான் பார்த்தேன்.

விழா அன்று மதியமே போய்விட்டோம். சவுண்டு பார்க்க அவளை ஏதாவது பாடச் சொன்னார்கள். மாதா பாட்டின் முதல் வரியைப் பாடினாள். புல்வெளியின் இரண்டு ஓரத்திலிருந்தும் அவள் குரல் அவளுக்கே திரும்பி வந்தது.

“அட, இது நானுங்களா டீச்சரம்மா?” என்றாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

அந்தப் பையன் கையைத் தட்டி நிறுத்தினான்.

“ஒரு நிமிஷம். பாட்டிம்மா எதுக்கு சர்ச் பாட்டு பாடறாங்க?”

நான் எங்கள் வரிசையைச் சொன்னேன். ரைட்டர் கதையைக்கூடச் சொன்னேன். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டான். கேட்டு முடித்துவிட்டு, “க்யூட்டா இருக்கு மேம். ஆனா ஆடியன்ஸ் குழம்பிடுவாங்க. கான்செப்ட் என்னன்னா, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க மதத்தோட அடையாளமா நிக்கணும். பாய் முஸ்லிம் பாட்டு, நீங்க கிறிஸ்டியன், பாட்டிம்மா பழங்குடி. கடைசியில மூணு பேரும் கை கோத்து நிப்பீங்க. அப்பத்தான் ஒற்றுமை தெரியும்” என்றான்.

எனக்கு நாக்கு வரை வந்தது. பிரித்து நிறுத்திவிட்டுக் கை கோக்கச் சொல்கிறான். ஒரே சாக்கில் உட்கார்ந்து வயதாகிப்போன மூன்று பேரை மூன்று பக்கம் தள்ளி நிற்க வைத்து, ஆளுக்கு ஒரு அடையாளத்தை மாட்டி, அப்புறம் ஒட்டவைக்கிறானாம். அதற்குப் பெயர் ஒற்றுமை.

“தம்பி, எங்களுக்கு அப்படி வராது” என்றேன்.

வரவும் இல்லை. அதுதான் எங்கள் கதையிலேயே பெரிய கூத்து. காசிம் பாயை அல்லா பாட்டை எடுக்கச் சொன்னான். இத்தனை வருஷமாக அவர் பாடியது அதன் பதில் வரியை மட்டும்தான். எடுப்பு என்னுடையது. அவர் வாயைத் திறந்து, என் பக்கம் திரும்பி, நான் ஆரம்பிப்பதற்காகக் காத்திருந்தார். நான் மாதா பாட்டை எடுக்கப் போனேன். வார்த்தை எல்லாம் மண்டையில் இருக்கிறது, வாயில் வரவில்லை. முதல் வரியை விட்டுவிட்டு, நேராகப் பதில் வரிக்குப் போய் நின்றேன். பழனியம்மாவுக்குச் சேர்வராயன் பாட்டில் “மேகத்தப் பூட்டின ராசா, எறங்கி வாய்யா” என்கிற பதிலைத் தவிர ஒன்றும் வரவில்லை.

அந்தப் பையன் காசிம் பாயைப் பார்த்துக் கேட்டான். “என்ன பாய், உங்க மதப் பாட்டு உங்களுக்கே தெரியாதா?”

பாய் தலையைக் குனிந்துகொண்டார். ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிற மனிதர். யாரைப் பார்த்து எவன் என்ன கேட்பது? நான் ஆர்மோனியப் பெட்டியைப் படாரென்று மூடினேன். வாங்க போகலாம் என்று எழுந்துவிட்டேன்.

பழனியம்மாதான் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏனுங்க சாமி” என்று அவனிடம் கெஞ்சுகிற குரலில் கேட்டாள். “நீங்க சொல்ற மாதிரியே பாடிப்போடறனுங்க. கடைசியில மாதா பாட்டு ஒண்ணு மட்டும் பாடிக்கட்டுங்களா? நொம்ப நேரம் ஆவாதுங்க. அடுத்த வாரம் எனக்குத் தொண்டையில ஆப்பரேசனுங்க.”

அவன் கையிலிருந்த டேப்லெட்டைத் தட்டிப் பார்த்தான். “டைம் இருந்தா பாத்துக்கலாம் பாட்டிம்மா. ஷ்யூர்” என்றான்.

அந்த ‘ஷ்யூர்’ ஒன்றுக்காகத்தான் நான் திரும்ப உட்கார்ந்தேன். அந்தச் சிலுவைக்கும் கழுத்தை நீட்டினேன்.

மேடை

புல்வெளி நிறைய ஆட்கள். குளிருக்குப் போர்வை கொடுத்திருந்தார்கள். என் ஆர்மோனியத்தை மேடையில் ஏற்றவே இல்லை, கீபோர்டு டிராக்கில் எல்லாம் தயாராக இருக்கிறது என்றார்கள். கம்ப்யூட்டரிலிருந்து ‘தும் தும்’ என்று ஒரே அடி வந்துகொண்டே இருந்தது. காப்பிக்கொட்டை பொறுக்குகிற கை அந்த வேகத்தில் போனால் நல்ல கொட்டையும் குப்பைக்குத்தான் போகும்.

காசிம் பாய் செல்போனில் வார்த்தைகளைப் பார்த்துப் பார்த்துப் பாடினார். வெளிச்சம் முகத்தில் அடித்ததால் பாதி வரி தெரியவில்லை. எனக்கு அவர்களே ஒரு பாட்டைக் கொடுத்திருந்தார்கள், ‘அன்பே அன்பே’ என்று நாலு தடவை வரும். எந்தக் கடவுளுக்கு அது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பழனியம்மாவை நடுவில் நிறுத்தினார்கள். பின்னால் புகை விட்டார்கள். அவள் சேர்வராயன் பாட்டின் பதில் வரியைப் பாடினாள். அடுத்தது வராததால் மறுபடியும் அதையே பாடினாள். பக்கத்தில் நின்ற காசிம் பாய்க்குப் பொறுக்கவில்லை, அவருடைய பாட்டல்லவா. எடுப்பு வரியைத் தணிந்த குரலில் சொல்லிக்கொடுத்தார். அவர் மைக்கை அணைத்து வைத்திருந்தார்கள், அந்தத் ‘தும் தும்’ சத்தத்தில் அவள் காதுக்கு அது எட்டவில்லை. கீழேயிருந்து அந்தப் பையன் பாயை நோக்கி விரலை உதட்டில் வைத்தான்.

“மேகத்தப் பூட்டின ராசா, எறங்கி வாய்யா. மேகத்தப் பூட்டின ராசா, எறங்கி வாய்யா.” அதே வரிதான். ஆனால் குரல்! ஐந்து கட்டைச் சுருதியில் ஒரு சிராய்ப்பு இல்லாமல் எழும்பிய அந்தக் குரலை நான் எந்த ரேடியோவிலும் கேட்டதில்லை. கூட்டம் எழுந்து கைதட்டியது.

பிறகு கை கோத்து நின்றோம். படம் எடுத்தார்கள்.

பழனியம்மா மைக்கை விடவில்லை. பாசிமணியை ஒரு பக்கமாக ஒதுக்கித் தொண்டையைச் செருமிக்கொண்டாள். “பஸ்ஸு வராத...” என்று ஆரம்பித்தாள். வாயசைந்தது. சத்தம் வரவில்லை. மைக்கை அணைத்துவிட்டார்கள். அடுத்து டான்ஸ் பாட்டுப் போடுகிறவர் மேடையேறி வயர்களை மாட்டிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பெண் சிரித்த முகத்தோடு பழனியம்மாவின் தோளைப் பிடித்துப் படி வழியே கீழே இறக்கினாள்.

அந்தப் பையனைத் தேடிப் பிடித்தேன். சொன்னாயே என்றேன். “சாரி மேம், ஓவர் ரன் ஆயிடுச்சு” என்றான். கழுத்துச் சிலுவையைக் கழற்றி அவன் டேப்லெட்டின் மேல் வைத்தேன். அப்புறம் நான் பேசியதை ஒரு குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. ஒரு பெண்பிள்ளை, பால்வாடி டீச்சர், இத்தனை வார்த்தை தெரிந்து வைத்திருப்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. நின்று கேட்டுக்கொண்டான். கேட்டு என்ன, மைக் கிடைத்துவிடுமா?

திரும்பும்போது காசிம் பாயின் ஜீப்பில் நான் செல்போனை எடுத்து, இதிலாவது பாடு பழனி, பதிவு செய்கிறேன் என்றேன்.

“வேண்டாமுங்க டீச்சரம்மா. மனசு உட்டுப்போச்சுங்க.”

மறுநாளும் கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையிலும் கேட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டாள்.

ஒரு கட்டை

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை, கழலை வெறும் கழலைதான், புற்று இல்லை. அதற்காகத் தினமும் நன்றி சொல்கிறேன், எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிக்கும். ஆனால் டாக்டர் பயந்தது நடந்துவிட்டது. கட்டு பிரித்து, ஆறி, வாரங்கள் ஓடின பிறகும் குரல் மேலே ஏறவில்லை. அடித்தொண்டையில் ஒரு கரகரப்பு மட்டும் மிஞ்சியது.

ரிசார்ட்காரர்கள் வீடியோவைப் போட்டுவிட்டார்கள். பஜாரில் எல்லோர் போனிலும் ஓடியது. ‘மலைவாழ் மூதாட்டியின் ஆதிக் குரல்’ என்று தலைப்பு. அடியில் அந்தத் ‘தும் தும்’. பழனியம்மா ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறாள். வரி தெரியாமல் தவித்து நின்றவளைப் பார்த்து, தியானத்தில் இருக்கிறார், தெய்வீகம் என்று ஊர் பெயர் தெரியாத ஆட்கள் எழுதியிருந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் குரலுக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அவள் கட்டிய பாட்டு அதில் இல்லை. குப்பனூர்ப் பாதை இல்லை, மஃப்ளர் இல்லை. யாரோ மாட்டிவிட்ட பாசிமணியோடு, யாரோ சொன்ன பாட்டின் ஒரே ஒரு பதில் வரி. எடுப்பு இல்லாத பதில். எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும்.

போன பூ மாசத்தில் மழை பெய்து, மலை முழுக்கக் காப்பி வெள்ளையாகப் பூத்தது. வழக்கம்போலக் காசிம் பாய் வந்தார். பழனியம்மா வரமாட்டாள் என்றுதான் நினைத்தோம். கழுத்தில் தழும்பு தெரிய, அதே அரக்குப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“டீச்சரம்மா, பெட்டியக் கீழ எறக்குங்க” என்றாள். ஆர்மோனியத்தில் நான் பிடிக்கிற கட்டையை. ஐந்திலிருந்து நாலரைக்கு வந்தேன். நாலுக்கு வந்தேன். “இன்னும் எறக்குங்க, சும்மா எறக்குங்க” என்றாள். கடைசியில் ஒரு கட்டையில் வந்து நின்றோம், காசிம் பாய் பாடுகிற இடம் அது. இனிமேல் நானும் அங்கே இறங்கித்தான் பதில் பாட வேண்டும். பாடுவேன், எனக்கென்ன வந்தது.

அவள் தொண்டையைச் செருமினபோது என் போன் அடித்தது. அந்த ஒருங்கிணைப்பாளர்ப் பையன்தான். நம்பரை நான் அழித்திருந்தேன், குரலை மறக்கவில்லை. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

“மேம், வீடியோ செம ஹிட். இந்த வருஷமும் அதே டீம், அதே காஸ்ட்யூம். பாட்டிம்மா கண்டிப்பா வேணும்.”

நான் வாயைத் திறப்பதற்குள் பழனியம்மா போனை எடுத்துக்கொண்டாள்.

“சொல்லுங்க சாமி.”

“சார், நீங்க யாரு? போனை டீச்சர்கிட்ட குடுங்க. எனக்கு அந்தப் பாட்டிம்மாவோட குரல்தான் வேணும்.”

காசிம் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழனியம்மா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“அந்தக் கொரலு உங்ககிட்டத்தான இருக்குதுங்க” என்றாள். “வெச்சுக்கோங்க. நான் மாதா பாட்டுக்காரி பேசறனுங்க.”

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நான் துருத்தியை அமுக்கினேன். பஸ் வராத அந்தப் பாதையில் மாதா மறுபடியும் ஏறத் தொடங்கினாள். இந்தத் தடவை மெதுவாகத்தான் வந்தாள், மூச்சு வாங்கியது. நாங்கள் இரண்டு பேரும் பதில் பாடிக்கொண்டே கூட நடந்தோம்.